மற்றக் கை

பெட்டியைத் திறந்தேன். கிட்டார் பளபளவென்று கிடந்தது.

அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் கிட்டார் பளபளக்கிற சாதி இல்லை. நெல் மூட்டை அடுக்கிய அறையில் தூங்கும் கிட்டார் அது. தட்டினால் முதலில் தூசு வரும், பிறகுதான் நாதம் வரும். கல்யாண வீடாயிற்றே, யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பட்டியைத் தோளில் மாட்டினேன்.

கிளிநொச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை. பின்னேரம். காலையில் என் மகள் துளசிக்குத் தாலி கட்டியாகிவிட்டது. இப்போது வரவேற்பு. மண்டப வாசலில் அவளும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிறார்கள். நான் வாசிக்கத் தொடங்கியதும் இரண்டு பேரும் கைகோத்து உள்ளே நடந்து வர வேண்டும். சனம் முழுக்க வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

எனக்குப் பக்கத்தில் அன்ரன். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன், பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி. தொடங்கு என்று கண்ணைக் காட்டினான்.

முதல் சுரக்கூட்டுக்கு விரல்களை அழுத்திக்கொண்டு சும்மா ஒரு தரம் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். மெதுவாகத்தான்.

கிணற்றுக்குள் வாளியோடு கப்பியும் சேர்ந்து விழுந்தது போல ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே கிடந்தது. கீழே இருக்க வேண்டிய மெல்லிய கம்பி மேலே கிடந்தது. ஆறு கம்பிகளும் அடுக்கு மாறி, புத்தம் புதிதாக, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

உள்ளங்கை வேர்த்தது. பிறகு பட்டு வேட்டிக்குள் முழங்கால் வேர்த்தது. முழங்காலும் வேர்க்கும் என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

போன கிழமை யானை

போன கிழமை இந்த வாரப்பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் யானைக்குப் பயந்து மரத்தில் ஏறிய கதையை எழுதியிருந்தேன். நான் ஏறியதாகச் சொன்ன மரத்துக்கு அந்த உயரத்தில் கிளையே கிடையாது என்று ஒட்டுசுட்டான் வாசகர் ஒருவர் ஆசிரியருக்கு அறிவித்திருக்கிறார். உண்மையாக இருக்கலாம். பயந்து ஏறுகிறவன் கிளை பார்த்து ஏறுவதில்லை.

ஆனால் ஒன்று. அந்த யானையையும் இந்தக் கிட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நான் யானைப் பக்கம்தான் ஓடுவேன். யானைக்கு முன்னால் உயிர் மட்டும்தான் போகும்.

விசயத்துக்கு வருகிறேன். நான் இடக்கையன்.

இடக்கையனாகப் பிறந்தவனுக்கு உலகம் இரண்டே சொல்லில் பாடம் நடத்தும். "மற்றக் கை." சோற்றுக் கோப்பையில் கை வைத்தால் அம்மா, "மற்றக் கை." சிலேற்றில் எழுதத் தொடங்கினால் வாத்தியார், அடிமட்டத்தோடு, "மற்றக் கை." திருநீற்றுக்குக் கை நீட்டினால் ஐயர், "மற்றக் கை." எங்கள் பக்கத்தில் வலக்கைக்குச் சோத்துக்கை என்று மரியாதையான பெயர் இருக்கிறது. இடக்கைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கொல்லைப்புறத்து அலுவல் ஒன்றை வைத்து வந்த பெயர். ஆசிரியர் அதை அச்சில் போட மாட்டார்.

எழுத்தை வலக்கைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டை மாற்றினார்கள். நெல் அறுக்க அரிவி வெட்டுக்குப் போனேன். வரிசையில் எல்லாரும் சோத்துக்கையால் வெட்டி ஒரு பக்கம் போட, நான் இடக்கையால் வெட்டி மற்றப் பக்கம் போடுவேன். எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நாள் முழுக்க எல்லைத் தகராறு. கடைசியில் என்னை வரிசையிலிருந்து தூக்கித் தேத்தண்ணி கொண்டுவர விட்டார்கள். இப்போது எங்கள் வயலில் மெசின் வெட்டுகிறது. மெசின் யாரையும் பார்த்து மற்றக் கை என்று சொல்வதில்லை.

கிட்டாரை மட்டும் மாற்ற முடியவில்லை. முயன்று பார்த்தேன். வலக்கையால் மீட்டினால் மாட்டுக்கு உண்ணி பிடுங்குவது போலவே இருந்தது. கேட்டவர்களும் மாடு மாதிரித்தான் நின்றார்கள்.

சம்பந்தி அம்மா

மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரி அம்மா, வவுனியாவில் இருப்பவா. நல்ல மனுசி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவா இந்தத் தொடரைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவா.

பொன்னுருக்கு அன்று தொடங்கியது வினை. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குகிற சடங்கு. பெண் வீட்டுக்காரர் என்ற முறையில் நாங்களும் போயிருந்தோம். நான் பெரிய மனிதத் தோரணையில் வெற்றிலைத் தட்டைத் தூக்கி நீட்டினேன். எந்தக் கையால் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

"அண்ணை, மற்றக் கை!" என்றா பரமேஸ்வரி அம்மா. தட்டு கை மாறியதில் இரண்டு பாக்கு உருண்டு போய்த் தட்டாரின் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றன.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வரவேற்பில் அப்பாதான் கிட்டார் வாசிப்பார் என்று துளசி சொன்னது அவா காதில் விழுந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்று மெதுவாகத் தொடங்கினா. "பொம்பிளை மாப்பிளை உள்ளுக்கு வாற நேரம். முதல் சத்தம் மங்களமா இருக்க வேணும். அந்தக் கையாலை தொடங்கிறது எண்டால்... சவுண்ட்காரரைக் கொண்டு நல்ல பாட்டு ஒண்டு போடுவிப்பம். நீங்கள் பேந்து ஆறுதலா வாசியுங்கோ. சாப்பாட்டு நேரம்."

சாப்பாட்டு நேரம். அப்பளம் நொறுங்குகிற சத்தத்துக்குப் பக்கவாத்தியமாக நான்.

நான் பணிந்துபோகத் தயாராக இருந்தேன். பணிந்துபோவது எனக்கு இரண்டு கையாலும் வரும். துளசிக்கு ஒரு கையாலும் வராது.

"மாமி, அப்பா வாசிச்சாத்தான் நான் உள்ளுக்கு வருவன்," என்றாள். "அதுவும் புட்டுப் பாட்டுத்தான் வாசிக்க வேணும்."

"என்ன பாட்டு?"

"புட்டுப் பாட்டு."

பரமேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தா. நான் கூரையில் ஒரு பல்லியைப் பார்த்தேன்.

"சரி பிள்ளை, உன்ரை விருப்பம்," என்றா கடைசியில். "ஆனால் சவுண்ட்காரரும் பாட்டோடை ரெடியா இருக்கட்டும். ஏதும் பிழைச்சால் நான் கையைக் காட்டுவன், அவர் போடட்டும்."

இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நான் வாசிக்கப் போவது பாட்டு இல்லை, என் இடக்கையின் வழக்கு என்றாகிவிட்டது. தோற்றால் அவா சொன்னது சரி. முதல் சத்தம் அமங்களம். துளசி அந்த வீட்டில் வாழ்கிற காலமெல்லாம் தேங்காய்ப்பால் சொதி திரைந்தாலும் என் கிட்டார் ஞாபகத்துக்கு வரும்.

கல்யாணக் காலையில் ஐயரும் தன் பங்கைச் செய்தார். தாரை வார்க்கிற நேரம் நான் பதற்றத்தில் கையை நீட்ட, மந்திரத்தை நிறுத்தாமலே, அதே ராகத்தில், "மற்றக் கை" என்றார். அதுவும் மந்திரம் என்று நினைத்து என் மச்சான் திருப்பிச் சொன்னான்.

அந்த மச்சான் பற்றிப் பிறகு வருகிறேன். அவனுக்கு ஒரு தனித் தலைப்பே வைத்திருக்கிறேன்.

பாட்டுக்குள் போன சைக்கிள்

அன்ரனுடைய அந்தோனியார் கோயிலில் ஒரு கிட்டார் இருந்தது. நான் பிள்ளையார் கோயில் பக்கத்துப் பெடியன். வெள்ளிக்கிழமை மோதகத்துக்குப் பிள்ளையாரிடமும் ஞாயிற்றுக்கிழமை கிட்டாருக்கு அந்தோனியாரிடமும் போவேன். இரண்டு பேரும் கோபித்ததாகத் தெரியவில்லை.

அது சோத்துக்கைக் கிட்டார். அன்ரன் வாசித்துவிட்டுத் தருவான். நான் அதை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடிப்பேன். திருப்பினால் என்ன நடக்கும்? தடித்த கம்பி நிலத்தைப் பார்க்கும், மெல்லிய கம்பி என் மூக்கைப் பார்க்கும். எல்லாம் தலைகீழ். உலகத்தில் இடக்கையர்கள் செய்கிற முறையான வேலை, ஆறு கம்பியையும் கழற்றி அடுக்கை மாற்றிப் பூட்டுவது.

கழற்றக் கூடாது என்பது அந்தக் கோயில் பாதிரியாரான சுவாமியின் கட்டளை. அந்த யுத்த நாளில், தடையைத் தாண்டி வன்னிக்குள் குளிக்கச் சவர்க்காரம் வருவதே பெரும்பாடு. கிட்டார் கம்பியை யார் கொண்டுவருவது? பழைய கம்பியைத் தளர்த்தினால் அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான். மூன்றாவது கம்பி ஏற்கெனவே அறுந்து, அந்த இடத்தில் சைக்கிள் பிறேக் வயரிலிருந்து உரித்த இழை ஒன்று நின்றது. அதைத் தொட்டால் பாட்டுக்குள் ஒரு சைக்கிள் போய்வரும்.

ஆகவே நான் தலைகீழாகவே பழகினேன். புத்தகத்தில் இருந்த விரல் படங்கள் ஒன்றும் எனக்கு உதவாது. ஒவ்வொரு சுரக்கூட்டையும் நானே கண்டுபிடித்தேன். சிலவற்றைப் பிடிக்க ஆறாவது விரல் தேவைப்பட்டது, குனிந்து நாடியை வைத்துச் சமாளித்தேன். "டேய், நீ வாசிக்கிறியோ, கடிக்கிறியோ?" என்று அன்ரன் கேட்பான்.

அன்ரன் எங்கேயோ இரவல் வாங்கிய கிட்டாரோடு சேர்ந்து வாசிக்க நின்றால் இன்னொரு சோலி. அவன் கிட்டாரின் கழுத்து என் பக்கம் நீளும், என் கிட்டாரின் கழுத்து அவன் பக்கம் நீளும். இரண்டு கிடாய்கள் மாதிரி அவை முட்டிக்கொள்ளும். இன்றைக்கும் முட்டுகின்றன. எங்கள் குழுவின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்கு நிற்பது போலத்தான் தெரியும்.

பிறகு எனக்குக் கல்யாணமானது. துளசி பிறந்தாள். கோயில் பாடகர் குழுவில் வாசிக்க ஆள் குறைந்த காலம். சுவாமி கிட்டாரை என் வீட்டிலேயே வைத்திருக்க விட்டார். துளசி புட்டுச் சாப்பிட மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு இரணைமடுக் குளத்து வான்கதவு மாதிரி இருப்பாள். என் மனைவி ராணி புட்டும் வாழைப்பழமும் குழைத்து வைத்துக்கொண்டு மன்றாடுவாள்.

ஒரு நாள் சும்மா கிட்டாரைத் தட்டினேன். தலைகீழ்க் கிட்டாரில் மெல்லிய கம்பி பெருவிரலுக்கு நேரே வரும். பெருவிரல் தன்பாட்டில் ஒரு மெட்டைத் தட்டியது. மேலே ஏறிப்போய், சட்டென்று நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு கீழே இறங்குகிற மெட்டு. அது நிற்கிற இடத்தில், என்ன நடக்கப் போகிறது என்று பார்க்கத் துளசி வாயைத் திறந்தாள். ராணி புட்டை உள்ளே வைத்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் புட்டுப் பாட்டு. சொல் இல்லை, மெட்டு மட்டும்தான். மெட்டு நிற்கும், வாய் திறக்கும், புட்டுப் போகும். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அவளுக்கு அது வேண்டியிருந்தது.

இடப்பெயர்வில் அந்தக் கிட்டார் எங்கேயோ நின்றுவிட்டது. நாங்கள் வந்துசேர்ந்தோம், அன்ரன் வந்துசேர்ந்தான். அதற்குமேல் கேட்பதற்கு அந்த நேரம் யாருக்கும் வாய் வரவில்லை.

சுவரில் தொங்கிய சமாதானம்

ஊருக்குத் திரும்பி, இரண்டு போகம் ஒழுங்காக விளைந்த பிறகு, யாழ்ப்பாணம் போய் ஒரு கிட்டார் வாங்கினேன்.

"இடக்கைக் கிட்டார் இருக்கோ தம்பி?"

"ஓம் அண்ணை, இருக்கு." கடைக்காரத் தம்பி சுவரில் தொங்கிய ஒன்றை எடுத்தான். சாதாரணக் கிட்டார். அதை என் முன்னாலேயே மறுபக்கம் திருப்பினான். "இந்தாங்கோ."

அவனிடம் வாதாடி வெல்ல முடியாது. வாங்கினேன். ஆனால் இந்த முறை மனிசன் மாதிரி வாசிப்பது என்று முடிவு செய்திருந்தேன். கம்பிகளைக் கழற்றி அடுக்கை மாற்றிப் பூட்டினேன். தடித்த கம்பிக்கு வெட்டிய பள்ளத்துக்குள் மெல்லிய கம்பி போய் ஆடியது. தீக்குச்சியைச் சீவி முட்டுக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகி என் தொடைப் பக்கம் போய்விட்டது. உற்சாகத்தில் காலை ஆட்டினால் பாட்டுத் தேய்ந்து மறையும். ஆகவே உற்சாகத்தை நிறுத்தினேன்.

விரல்களை முதலிலிருந்து பழக்கினேன். பழைய தலைகீழ்ப் பழக்கத்தை மறக்கவே ஒரு மழைக்காலம் போனது. மறந்தேன். முறையான இடக்கையன் ஆனேன். கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் என்று எங்கள் குழு ஓடித்திரிந்தது.

துளசி மட்டும் ஒன்று சொல்வாள். "புட்டுப் பாட்டு முந்தின மாதிரி இல்லையப்பா. ஏதோ குறையுது."

"புட்டுத்தான் குறையுது," என்பேன் நான்.

கெட்டிக்கார வாசகர்கள் இந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். வடிவாகச் சிரியுங்கள். நீங்கள் கதிரையில் சாய்ந்து இருக்கிறீர்கள். நான் மேடையில் நின்றேன்.

கனடாவிலிருந்து வந்த அன்பு

மேடையில் நின்றேன், கிட்டாரும் கையுமாக.

பயத்தில் பதகளிப்பு வந்தவனின் மூளை மிக வேகமாக வேலை செய்யும், ஆனால் எல்லாம் தேவையில்லாத வேலை. முதலில் கறன்ற் போக வேண்டும் என்று வேண்டினேன். கேட்காத நாளெல்லாம் போகிற கறன்ற், அன்று குத்துக்கல்லாக நின்றது. பிறகு மயங்கி விழலாமா என்று யோசித்தேன். எந்தப் பக்கம் விழுவது என்பதில் முடிவு வரவில்லை. இடப்பக்கம் மேளச் செற், வலப்பக்கம் அன்ரன். வேட்டி வேறு இளகத் தொடங்கியது. நான் வேட்டியையும் மறுபக்கமாகத்தான் கட்டுவேன், காலையில் வேறொருவர் கட்டிவிட்டிருந்தார்.

யார் செய்தது இதை? கூட்டத்தைத் துழாவினேன். முன்வரிசையில் ராணியின் தம்பி பாஸ்கரன் இருந்தான். என் கண் பட்டதும் முகமெல்லாம் மலர்ந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

எனக்கு எல்லாம் விளங்கியது.

பாஸ்கரன் கனடாவில் இருபத்தைந்து வருசத்துக்கு மேல். அங்கே அவனும் கொஞ்சம் கிட்டார் வாசிப்பான். நான் வாசித்ததை அவன் நேரில் கண்டதே இல்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் வீடியோவில்தான் கண்டிருக்கிறான். அந்த வீடியோக்களை நான் பால்மா ரின்னில் கைபேசியைச் சாத்திவைத்து, முன் கமெராவால் எடுப்பேன். என் கைபேசியின் முன் கமெரா கண்ணாடி மாதிரி. இடத்தை வலமாக்கிவிடும். எத்தனையோ வருசமாக என் மச்சானின் கண்ணில் நான் சோத்துக்கைக்காரன். சட்டைப் பை வலப்பக்கம் இருந்ததைக்கூட அவன் கவனித்ததில்லை.

கல்யாண அவசரத்தில் எல்லாரும் மணவறைப் பக்கம் நின்ற நேரம், அத்தானுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுப்போம் என்று பெட்டியைத் திறந்திருக்கிறான். பார்த்தால், கம்பிகள் தலைகீழ். யாரோ ஒரு மடையன் பிழையாகப் பூட்டியிருக்கிறான்! கனடாவிலிருந்து கொண்டுவந்த விலைகூடிய கம்பிகளைச் சரியான அடுக்கில் பூட்டி, சுருதி சேர்த்து, என் தீக்குச்சி முட்டையும் குப்பையென்று பிடுங்கி எறிந்து, பளபளவென்று துடைத்து மூடிவிட்டான்.

அந்த மடையன் இப்போது மேடையில் நின்றான்.

வாசலில் துளசியின் தலை தெரிந்தது. மாலைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையின் மற்றக் கரையில் பரமேஸ்வரி அம்மா சவுண்ட்காரரைத் திரும்பிப் பார்த்தா. அவாவின் கை மடியிலிருந்து மெல்ல எழும்பத் தொடங்கியது.

"என்னடா?" என்றான் அன்ரன், உதட்டை அசைக்காமல்.

"கம்பி... தலைகீழடா. பாஸ்கரன் மாத்திப் பூட்டிப்போட்டான். நான் செத்தன்."

அன்ரன் என் கிட்டாரை எட்டிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் கல்யாண மேடையில் நான் சாகிறேன், இவன் சிரிக்கிறான்.

"டேய் விசரா, வடிவாப் பார். இது எங்கடை அந்தோனியார் கோயில் கிட்டாரெல்லோ!"

நான் பார்த்தேன்.

மெல்லிய கம்பி என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தடித்த கம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வருசம் சோறு தண்ணி மறந்து நான் வாசித்த அதே அடுக்கு. உலகத்தில் இந்த அடுக்கைக் கண்டு பயப்படாத சில பேரில் நானும் ஒருவன். அந்த நானே பயந்து நின்றேன். பதகளிப்பு என்றால் இதுதான். தன் வீட்டுக்குள்ளேயே வழிகேட்டு நிற்பது.

"முறையான இடக்கையனை மறந்திட்டு வாசி," என்றான் அன்ரன். "கடிக்காமல் வாசி."

மெட்டு நின்ற இடம்

கண்ணை மூடினேன். மூளையை நம்பவில்லை, பெருவிரலை நம்பினேன்.

பெருவிரல் மேலே போய் மெல்லிய கம்பியைத் தொட்டது. டிங். சரி. இன்னொன்று. அதுவும் சரி. மூன்றாவது இடத்தில் பழைய பிறேக் வயரின் கரகரப்பைத் தேடி விரல் ஒரு கணம் தயங்கியது. சைக்கிள் இல்லை. கனடாக் கம்பி மணி மாதிரிச் சொன்னது. பிறகு விரல்கள் எனக்குச் சொல்லாமலே ஓடத் தொடங்கின. மறந்துவிட்டேன் என்று நான்தான் நினைத்திருக்கிறேன், அவை நினைக்கவில்லை.

பரமேஸ்வரி அம்மாவின் கை பாதியில் நின்றது.

புட்டுப் பாட்டு வந்தது. எங்கள் வீட்டுக் குசினி வாசலில், அடுப்புப் புகைக்குள் இருந்து வாசித்த அதே பாட்டு. மெட்டு மேலே, பெருவிரலில். தடித்த கம்பிகள் அடியில், ஒரு மூச்சுப் பிந்தி. அடுக்கை மாற்றிப் பூட்டிய நாளிலிருந்து அந்தப் பிந்தல் காணாமல் போயிருந்தது. துளசி இத்தனை வருசமாக "ஏதோ குறையுது" என்றது அதைத்தான். குறைந்தது புட்டு இல்லை.

கண்ணைத் திறந்தேன். அவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

துளசி இரண்டடி நடந்தாள், காதைச் சாய்த்தாள், சட்டென்று என்னைப் பார்த்தாள். கல்யாணப் பெண் நடையெல்லாம் மறந்துபோனது. மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தின் நடுவில் வரும்போது மெட்டு ஏறிப்போய், அந்த இடத்தில் நின்றது.

துளசி வாயைத் திறந்தாள்.

பட்டுச்சேலை, நெற்றிப்பட்டம், மாலை, அத்தனை கமெராவுக்கும் முன்னால் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள் என் மகள். மாப்பிள்ளை என்ன ஏதென்று தெரியாமல் அவள் வாய்க்குள் பார்த்தார். படம் எடுப்பவர் கமெராவை இறக்கிவிட்டார். பக்கத்தில் வரவேற்புத் தட்டோடு நின்ற ராணி, யோசிக்கவே இல்லை, ஒரு கற்கண்டை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தாள்.

நான் மெட்டைக் கீழே இறக்கினேன்.

சனம் கைதட்டியது. என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் தட்டினார்கள். அன்ரன் உள்ளே புகுந்தான், மேளம் சேர்ந்தது. நான் அவன் பக்கம் திரும்ப, எங்கள் கிட்டார்களின் கழுத்து இரண்டும் வழமை போல டொக்கென்று முட்டின. உற்சாகத்தில் காலை ஆட்டினேன். திருகி திருகுப்பட்டுச் சத்தம் குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன். இரண்டாம் சுற்றில் மெட்டு நின்ற இடத்தில் மண்டபத்துச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்தார்கள். மூன்றாம் சுற்றில் பாஸ்கரனும் திறந்தான்.

இறங்கி வந்ததும் அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "அத்தான், கம்பி எப்பிடி? ஆரோ மடையன் உங்களுக்குத் தலைகீழாப் பூட்டி வைச்சிருந்தவன். நான்தான் சரியாக்கினனான்."

"நல்ல வேலை செய்தனி," என்றேன். மனமாரச் சொன்னேன்.

பிறகு ஒரு சந்தேகம் வந்தவன் போல என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆனால் நீங்கள் ஏன் அத்தான் இண்டைக்கு மற்றக் கையாலை வாசிச்சனீங்கள்?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் விலகியது. பரமேஸ்வரி அம்மா பலகாரத் தட்டோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தா. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் முழங்கால் மறுபடியும் வேர்த்தது.

முன்னால் வந்து நின்றா. தட்டை நீட்டினா. நான் ஐயரை நினைத்தேன், வாத்தியாரின் அடிமட்டத்தை நினைத்தேன், வெற்றிலைத் தட்டை நினைத்தேன். இந்த முறை பிழை விடுவதில்லை என்று சோத்துக்கையை மிகுந்த மரியாதையோடு நீட்டினேன்.

அவா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டா.

"அந்தக் கை இல்லை அண்ணை," என்றா. "மற்றக் கை."

ஐம்பது வருசமாகக் கேட்ட சொல். கேட்டவுடன் என் இடக்கை முதுகுக்குப் பின்னால் ஒளியப் போனது. பாதி வழியில்தான் அதற்கு விளங்கியது, இந்த முறை கூப்பிட்டது தன்னைத்தான் என்று.

நீட்டினேன். அவா ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்து, அந்தக் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டா.